மின்சாரக் காருக்கு எட்டு ஆண்டுக் கணக்கு: செலவு, பழுது, வாரண்டி

மின்சாரக் கார் வாங்கும் பலர், ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குப் பெட்ரோல் செலவு எவ்வளவு, மின்சாரச் செலவு எவ்வளவு என்ற ஒரே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். அந்தக் கணக்கு தவறல்ல. ஆனால் அது பாதிக் கணக்குத்தான். பெட்ரோல் காரில் எண்ணற்ற சிறு பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்து, ஆண்டுதோறும் நடுத்தரமான பில்களைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மின்சாரக் காரின் ஆண்டுச் செலவு மிகக் குறைவு. ஆனால் பேட்டரி, மோட்டாரும் பேட்டரி மின்சாரத்தை அதற்கேற்ப மாற்றித்தரும் இன்வெர்ட்டரும் சேர்ந்த தொகுதி, காருக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும் சார்ஜர் ஆகிய மூன்றில் ஒன்று பழுதானாலும், அதுவரை மிச்சம் பிடித்த தொகையை ஒரே பில் விழுங்கிவிடக்கூடும். அந்தப் பில் உரிமையாளரின் தலையில் விழாமல் தடுப்பது வாரண்டி ஒன்றுதான். எனவே வாரண்டிக் கையேட்டை முழுமையாகப் படிப்பதும், அதைக் கேட்டுப் பெறுவதற்கான ஆதாரங்களை முதல் நாளிலிருந்தே சேர்த்து வைப்பதும் மின்சாரக் கார் வைத்திருப்பவர் செய்தே ஆக வேண்டிய வேலைகள்.

மின்சாரச் செலவு

காரின் திரையில் தெரியும் அளவு பேட்டரியிலிருந்து வெளியேறிய மின்சாரத்தைக் காட்டுகிறது. நீங்கள் பணம் கட்டுவதோ மின் மீட்டரில் ஓடிய அளவுக்கு. இடையில் சார்ஜர், கேபிள், பேட்டரி ஆகியவற்றில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. வீட்டில் செய்யும் மெதுவான ஏ.சி. (மாறுதிசை மின்சார) சார்ஜிங்கில் இந்த இழப்பு பொதுவாக 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். நடுத்தர அளவுள்ள கார் 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 20 யூனிட் வரை எடுக்கும். திரை 16 யூனிட் என்று காட்டி, சார்ஜிங் திறன் 88 சதவீதமாக இருந்தால், மீட்டரில் ஓடுவது சுமார் 18.2 யூனிட். கணக்கை இந்த எண்ணை வைத்துத்தான் போட வேண்டும்.

சாதாரண பிளக்கில் மிகக் குறைந்த ஆம்பியரில் சார்ஜ் செய்தால் இழப்பு இன்னும் கூடும். சார்ஜ் நடக்கும் நேரம் முழுவதும் காரின் கணினிகளும் குளிர்விப்புப் பம்பும் விழித்திருக்கின்றன. அவை எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ ஒரே அளவாக இருப்பதால், ஆறு மணி நேரத்தில் முடியும் வேலையை இருபது மணி நேரத்திற்கு இழுத்தால் வீணாவதும் அதே விகிதத்தில் பெருகும். தினமும் ஓட்டுபவருக்குச் சுவரில் பொருத்தும் தனிச் சார்ஜர் வசதிக்காக மட்டுமன்றிச் செலவுக்காகவும் ஏற்றது. அதற்கெனத் தனித் துணை மீட்டர் ஒன்றையும் வைத்துவிடுங்கள். வாரண்டி பற்றிப் பேசும்போது அது மீண்டும் பயன்படும்.

பொது இடங்களில் உள்ள டி.சி. (நேர்திசை மின்சார) வேகச் சார்ஜர்களில் ஒரு யூனிட்டின் விலை வீட்டுக் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் பல மடங்கு அதிகம். ஆகவே உங்கள் மாத ஓட்டத்தில் எத்தனை சதவீதம் வீட்டு மின்சாரத்தில் ஓடும், எத்தனை சதவீதம் வழியில் ஏற்றும் மின்சாரத்தில் ஓடும் என்று நேர்மையாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். வீட்டிலோ பணியிடத்திலோ சார்ஜ் செய்ய வழியே இல்லாதவருக்கு எரிபொருள் சேமிப்பு என்பது பெயரளவுக்கே மிஞ்சும். அவருக்கு மின்சாரக் காரைப் பரிந்துரைக்க நான் தயங்குவேன்.

ஆண்டுப் பராமரிப்பு

எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், கிளட்ச், சைலன்சர் ஆகியவை இல்லாததால் சர்வீஸ் பட்டியல் சுருங்கிவிடுகிறது. ஆனாலும் சர்வீஸே தேவையில்லை என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. பெரும்பாலான நிறுவனங்கள் அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்கவோ மாற்றவோ சொல்கின்றன. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பிக் காரை மட்டுப்படுத்துவதால் பிரேக் பேடுகள் நீண்ட காலம் உழைக்கும். அதே காரணத்தால், பயன்படாமல் கிடக்கும் பிரேக் டிஸ்க்குகள் துருப்பிடிப்பதும் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் இறுகிப்போவதும் உண்டு. வாரத்திற்கு ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்தில் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து ஓட்டுவது நல்லது.

டயர்தான் உண்மையான செலவு. பேட்டரியின் எடையும், மிதித்த கணத்திலேயே முழு இழுவையைத் தரும் மோட்டாரும் சேர்ந்து டயரைச் சீக்கிரம் தேய்த்துவிடும். மாற்றும்போது விலை குறைவு என்பதற்காக எடை தாங்கும் குறியீடு குறைவான டயரைப் போட்டுவிடக் கூடாது. அது ஆபத்தானது, விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பவும் இடம் கொடுக்கும்.

குளிர்விப்புத் திரவத்திலும் கவனம் தேவை. சில மாடல்களில் மின்சாரத்தை எளிதில் கடத்தாத சிறப்புத் திரவம் பயன்படுகிறது. பழக்க தோஷத்தில் மெக்கானிக் வேறு திரவத்தைக் கலந்துவிட்டால், பழுது வருவதோடு வாரண்டியை மறுக்க நிறுவனத்திற்குக் காரணமும் கிடைத்துவிடும். திரவத்தின் வகையும் அளவும் பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

காப்பீட்டுப் பிரீமியத்தையும் மறுவிற்பனை மதிப்புச் சரிவையும் இந்தக் கணக்கோடு சேர்க்காவிட்டால் மற்ற எண்களுக்கு அர்த்தமில்லை. புதிய காரைச் சில ஆண்டுகளிலேயே விற்பவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு மதிப்புச் சரிவுதான்.

பழுது வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை

ஒரே நேரத்தில் தொடர்பில்லாத பல எச்சரிக்கைகள் திரையில் தோன்றினால், அல்லது பெரிய பேட்டரியில் நிறைய சார்ஜ் இருந்தும் கார் உயிர்பெறாவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது 12 வோல்ட் சிறு பேட்டரியை. கதவுப் பூட்டு, கணினிகள், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்கள் எல்லாம் அதில்தான் இயங்குகின்றன. அதை மாற்றுவது மலிவான வேலை. புதிதாக மாற்றியும் மீண்டும் மீண்டும் இறங்கினால், பெரிய பேட்டரியின் அழுத்தத்தைக் குறைத்து அதற்கு மின்சாரம் அனுப்பும் கன்வெர்ட்டரில் கோளாறு இருக்கலாம். ஹூண்டாய், கியா நிறுவனங்களின் சில மாடல்களில் சார்ஜரும் கன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் இருக்கும் பாகம் சேதமடைந்து 12 வோல்ட் பேட்டரி இறங்கியதால், 2024-இல் அந்தக் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

சார்ஜ் ஏறவில்லை என்றால் வேறொரு கேபிளிலும் வேறொரு நிலையத்திலும் முயன்று பாருங்கள். அதன் பிறகு ஏ.சி., டி.சி. இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள். டி.சி. வேகச் சார்ஜிங், காருக்குள் இருக்கும் சார்ஜரைத் தாண்டி நேரடியாகப் பேட்டரிக்குப் போகிறது. எனவே டி.சி.யில் ஏறி ஏ.சி.யில் ஏறாவிட்டால் கோளாறு பெரும்பாலும் உள்சார்ஜரிலோ அதன் இணைப்பிலோ இருக்கும், ஏ.சி.யில் ஏறி டி.சி.யில் ஏறாவிட்டால் ரிலேக்கள், சார்ஜிங் வாய், நிலையத்தோடு கார் பேசிக்கொள்ளும் தகவல் தொடர்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு நிலைமைகளிலும் பேட்டரியைக் குறை சொல்ல அவசரமில்லை.

மின்காப்புக் கோளாறு என்ற எச்சரிக்கையும் அப்படியே. உயர் அழுத்தச் சுற்றில் எங்கோ மின்சாரம் உடற்சட்டத்திற்குக் கசிகிறது என்பதே அதன் பொருள்; அந்தக் கசிவு பேட்டரியிலும் இருக்கலாம், குளிரூட்டியின் கம்ப்ரசரிலும் இருக்கலாம், ஹீட்டரிலும் ஈரம் புகுந்த கனெக்டரிலும் இருக்கலாம். பயிற்சி பெற்ற டெக்னீஷியன் ஒவ்வொரு பாகமாகத் துண்டித்து அளந்து குற்றவாளியைக் கண்டுபிடிப்பார். இந்த வேலையில் உரிமையாளர் கைவைக்கவே கூடாது. ஆரஞ்சு நிறக் கேபிள்களில் 400 வோல்ட்டோ 800 வோல்ட்டோ ஓடுகிறது, காரை அணைத்துவிட்டாலும் பேட்டரிக்குள் அந்த அழுத்தம் அப்படியேதான் இருக்கும்.

“பேட்டரியை முழுதாக மாற்ற வேண்டும்” என்று சர்வீஸ் சென்டர் சொன்னால், மூன்று தகவல்களை எழுத்தில் கேளுங்கள்: பிழைக் குறியீடு, பேட்டரிக்குள் இருக்கும் சிறு அலகுகளான செல்களின் மின்னழுத்தப் பட்டியல், மின்காப்புத் தடையின் அளவு. பட்டியலில் எல்லாச் செல்களும் ஒரே அளவில் நின்று, ஒரே ஒரு குழு மட்டும் தாழ்ந்திருந்தால், அந்தச் செல்கள் அடங்கிய தொகுப்பை, அதாவது மாட்யூலை, மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. பேட்டரியைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாதபடி பிசின் ஊற்றி ஒட்டிய மாடல்களும் உள்ளன. ஆகவே எந்த வகை என்று வாங்கும் முன்பே விசாரித்துவிடுவது மேல். காரின் அடிப்பகுதி கல்லில் மோதியோ வெள்ளத்தில் மூழ்கியோ வந்த சேதத்தை வாரண்டி ஏற்காது. அது காப்பீட்டின் வேலை. காப்பீட்டுப் பத்திரத்தில் பேட்டரிக்கு அடியில் ஏற்படும் மோதல் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரண்டிக் கையேட்டைப் படிக்கும் முறை

மின்சாரக் காருக்கு ஒரே வாரண்டி என்று எண்ண வேண்டாம். முழு வாகனத்திற்கு ஒன்று, பேட்டரிக்கும் மோட்டாருக்கும் மற்றொன்று, 12 வோல்ட் பேட்டரிக்கும் டயருக்கும் வேறு என்று பல அடுக்குகள் இருக்கும். பெரிய பேட்டரிக்குப் பரவலாகத் தரப்படுவது 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை. உள்சார்ஜர் எந்த அடுக்கில் வருகிறது என்பதைத் தேடிப் பாருங்கள். சில நிறுவனங்கள் அதைப் பேட்டரியோடு சேர்க்கின்றன, சில நிறுவனங்கள் குறுகிய கால வாகன வாரண்டியில் தள்ளிவிடுகின்றன. கால எல்லை நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்லாமல் கார் முதன்முதலில் பயன்பாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும் என்பதால், ஷோரூமில் சோதனை ஓட்டத்திற்கு வைத்திருந்த காரை வாங்குபவர் சில மாதங்களை இழந்திருப்பார்.

பேட்டரி வாரண்டியிலும் இரண்டு வாக்குறுதிகள் உண்டு. உற்பத்திக் குறையால் வரும் பழுதைச் சரிசெய்வோம் என்பது ஒன்று. கொள்ளளவு குறிப்பிட்ட சதவீதத்திற்குக் கீழே இறங்காது என்பது மற்றொன்று. இரண்டாவது எல்லை பெரும்பாலும் 70 சதவீதம். உலக அளவிலான அடிப்படையும் இப்போது இருக்கிறது: 2022-இல் ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை அமைப்பு ஏற்றுக்கொண்ட தொழில்நுட்ப விதி எண் 22, பயணிகள் கார் பேட்டரி 5 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை 80 சதவீதத்தையும், 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதத்தையும் தக்கவைக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் வாகன மாசு விதியான யூரோ 7-இல் இரண்டாவது எண்ணை 72 ஆக்கியது.

70 என்பது கத்தி முனை போன்ற எல்லை. 60 யூனிட் பேட்டரி 42 யூனிட்டுக்குக் கீழே இறங்கினால் உரிமை உண்டு. 71 சதவீதத்தில் நின்றுவிட்டால், எட்டாம் ஆண்டின் கடைசி நாளாக இருந்தாலும் ஒன்றும் கிடைக்காது. உரிமை கிடைத்தாலும் புது பேட்டரி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பல கையேடுகள் பழுதுபார்த்தோ, புதுப்பித்த பேட்டரியைப் போட்டோ கொள்ளளவை அந்த எல்லைக்கு மேலே கொண்டுவந்தால் போதும் என்றுதான் எழுதியிருக்கின்றன. 2010-இல் வந்த முதல் நிசான் லீஃப் காரின் கொள்ளளவு வாரண்டி, திரையிலுள்ள 12 கோடுகளில் 9-க்குக் கீழே இறங்கினால்தான் செயல்பட்டது. பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்காத அந்தக் கார் வெப்பப் பகுதிகளில் கோடுகளை வேகமாக இழந்து புகார்கள் குவிந்த பிறகே அந்த வாரண்டியும் சேர்க்கப்பட்டது.

விதிவிலக்குப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். லீஃப் கையேட்டில், 49 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் 24 மணி நேரத்திற்கு மேல் காரை வைத்திருந்தாலும், பேட்டரி பூஜ்யத்தை ஒட்டிய நிலையில் 14 நாட்களுக்கு மேல் விட்டுவைத்தாலும் வரும் சேதம் வாரண்டியில் சேராது என்று இருந்தது. இவ்வகை நிபந்தனைகள் மற்ற நிறுவனங்களிலும் உண்டு. வாடகைக்கு ஓட்டுதல், காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுத்தல், அங்கீகாரமில்லாத இடத்தில் பேட்டரியைத் திறத்தல், இரண்டாம் உரிமையாளருக்கு மாற்றுதல் ஆகிய நான்கையும் பற்றி உங்கள் கையேடு சொல்வதைத் தேடிப் பிடித்துக் கோடிட்டு வையுங்கள்.

ஆதாரம் சேர்த்தல்

கார் கைக்கு வந்த மாதத்திலும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை அதே பருவத்திலும் ஒரு சோதனை செய்யுங்கள். பேட்டரியை 10 சதவீதத்துக்கு இறக்கி, வீட்டுச் சார்ஜரில் ஒரே மூச்சில் 100 வரை ஏற்றி, துணை மீட்டரைப் பாருங்கள். ஒரு குறிப்பு இப்படி இருக்கலாம்: ஓடோமீட்டர் 41,250, வெளி வெப்பநிலை 27 பாகை, 10-இலிருந்து 100 வரை, மீட்டரில் 58.6 யூனிட். சார்ஜிங் திறனை 88 சதவீதம் என்று வைத்தால் பேட்டரிக்குள் போனது 51.6, அதை 0.9-ஆல் வகுத்தால் முழுக் கொள்ளளவு 57.3 யூனிட், அதாவது 60-இல் 95.5 சதவீதம். திறன் பற்றிய ஊகம் சற்றுப் பிழையாக இருந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் அதே பிழைதான் வரும் என்பதால், சரிவின் போக்கு தெளிவாகத் தெரியும். மீட்டரையும் திரையையும் படமெடுத்து வையுங்கள். ஆண்டு சர்வீஸின்போது பேட்டரி ஆரோக்கிய அறிக்கையையும் அச்சிட்டுக் கேளுங்கள்.

காரின் கணினி காட்டும் ஆரோக்கிய அளவு ஒரு மதிப்பீடுதான். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரியில் சார்ஜ் இறங்கும்போது மின்னழுத்தம் நெடுநேரம் மாறாமலே இருப்பதால், இடையிடையே 100 வரை ஏற்றாவிட்டால் கணினி தடுமாறும். என்.எம்.சி. (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) வகையை அன்றாடம் 80 சதவீத அளவில் நிறுத்துவது ஆயுளுக்கு நல்லது. எந்த வகையானாலும், வாரண்டிக்கு அளக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை நன்றாக இறக்கி முழுதாக ஏற்றி, கணினிக்குச் சரியான அளவைக் காட்டிவிடுங்கள்.

மென்பொருள் அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் முழு சார்ஜில் காட்டும் தூரத்தைக் குறித்து வைப்பது வீண் எச்சரிக்கையல்ல. 2019-இல் டெஸ்லா அனுப்பிய ஓர் அப்டேட் சில மாடல் எஸ் கார்களின் பேட்டரி மின்னழுத்த உச்சத்தைக் குறைத்தது. வழக்குத் தொடுத்த உரிமையாளர்களுடன் 2021-இல் அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

உரிமையைக் கேட்டல்

சர்வீஸ் சென்டரில் வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. காரை விடும்போது அவர்கள் எழுதும் ஜாப் கார்டில் இருப்பதுதான் புகார். “ரேஞ்ச் குறைவு, செக் செய்யவும்” என்று அட்வைசர் எழுதினால், “சோதித்தோம், குறையில்லை” என்ற பதிலோடு கார் திரும்பி வரும். அதற்குப் பதிலாக, “வயது 7 ஆண்டு 2 மாதம், 1,28,400 கி.மீ.; 100 சதவீத சார்ஜில் அதே பாதையில் புதிதில் 310 கி.மீ., இப்போது 205 கி.மீ.; கொள்ளளவு வாரண்டியின் கீழ் அளந்து எண்ணை எழுத்தில் தரவும்” என்று எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள், நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கார் திரும்பி வரும்போது அளந்த எண், அளந்த முறை, அன்றைய பேட்டரி வெப்பநிலை ஆகிய மூன்றும் அறிக்கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாரண்டி முடிய ஆறு மாதமிருக்கும்போதே இந்த அளவீட்டைக் கேட்டுவிடுவது நல்லது. எல்லைக்குச் சற்று மேலே நின்றால் கடைசி மாதத்தில் மீண்டும் கேட்கலாம். காலம் முடியும் முன் பதிவான எழுத்துப் புகார் இருந்தால், பிறகு நடக்கும் வாதத்தில் நீங்கள் வலுவான இடத்தில் நிற்பீர்கள்.

நிறுவனத்தின் வாரண்டி வேறு, சட்டம் தரும் பாதுகாப்பு வேறு. பல நாடுகளில் விற்றவர்மீதே உரிமை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/771 எண் கொண்ட ஆணை, விற்ற பொருளின் குறைக்கு விற்பனையாளரைக் குறைந்தது 2 ஆண்டுகள் பொறுப்பாக்குகிறது. முதல் ஆண்டில் தெரியும் குறை விற்கும்போதே இருந்தது என்று கொள்ளப்படும். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பித் தர வழிசெய்கிறது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும். வெளியே சர்வீஸ் செய்ததற்காக மட்டுமே வாரண்டியை மறுப்பதையும் பல சட்டங்கள் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவின் 1975 மேக்னசன்-மாஸ் சட்டம் அதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். உங்கள் நாட்டுச் சட்டத்தின் கால எல்லைகளைத் தெரிந்துகொண்டபின், முதல் மறுப்பு வந்தவுடன் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திற்குக் கடிதம் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டே மாதங்களைக் கடத்துவதால் நிறுவனத்திற்குத்தான் லாபம்.

திரும்ப அழைப்பு என்பது தனி. பாதுகாப்புக் குறைக்காக நிறுவனம் காரைத் திரும்ப அழைத்தால், வாரண்டி முடிந்திருந்தாலும் பொதுவாக இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். செல் உற்பத்தியில் ஏற்பட்ட இரட்டைக் குறையால் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு, ஜெனரல் மோட்டார்ஸ் 2020, 2021 ஆண்டுகளில் செவ்ரலே போல்ட் கார்களைத் திரும்ப அழைத்தது. மாற்றிய பேட்டரிக்குப் புதிதாக வாரண்டியும் கொடுத்தது. பழைய போல்ட் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் காகிதம் அந்த மாற்றுச் சான்றுதான். எந்தக் காரானாலும் சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிலுவையில் அழைப்பு உண்டா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் ஆண்டுக்கு இரண்டுமுறை பாருங்கள்.

நீட்டித்த வாரண்டியை விற்க வந்தால் ஒரே கேள்வி போதும்: கொள்ளளவு குறைவதும் இதில் அடங்குமா? பெரும்பாலும் அது “இயல்பான தேய்மானம்” என்று விலக்கப்பட்டிருக்கும். உள்சார்ஜரும் இன்வெர்ட்டரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தால் மட்டுமே வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

எட்டு ஆண்டுகள் முடிந்த பின் பேட்டரி கைவிட்டால், சந்தை விலையை மட்டும் பார்த்துப் பட்ஜெட் போட வேண்டாம். எரிசக்திச் சந்தை ஆய்வு நிறுவனமான புளூம்பெர்க் என்.இ.எஃப். ஆய்வின்படி 2024-இல் பேட்டரித் தொகுதியின் உலகச் சராசரி விலை யூனிட்டுக்கு 115 டாலர்; ஆனால் அது கார் நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் விலை. உதிரிபாகமாக வரும் பேட்டரிக்குப் போக்குவரத்து, இருப்பு, கூலி, லாபம் எல்லாம் சேர்ந்து பில் கணிசமாக உயரும். வாரண்டி முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தால், சர்வீஸ் பதிவுகளை இணைத்துச் செலவில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அவ்வாறு ஏற்பது அரிதல்ல. அதற்கு அவர்கள் மறுத்தால், மாட்யூல் அளவில் பழுதுபார்க்கும் தனிப் பட்டறைகளிடமும், விபத்துக்குள்ளான கார்களிலிருந்து எடுத்த பேட்டரி விற்பவர்களிடமும் விலை கேட்கலாம். பொருத்திய பின் கொடுக்கும் உத்தரவாதமும் ஆரோக்கிய அறிக்கையும் எழுத்தில் வேண்டும். கழற்றிய பழைய பேட்டரியில் லித்தியம், வகையைப் பொறுத்து நிக்கல், கோபால்ட் போன்ற மறுசுழற்சிக்குரிய உலோகங்கள் இருக்கின்றன, மின்சேமிப்புக்கு அதை மீண்டும் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். எனவே பழைய பேட்டரியின் மதிப்பு பில்லில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.